பாடம் செய்த மான் தலைக்குக் கண் தேர்ந்தெடுப்பதும் பதிப்பதும்

பழைய தோட்டத்துத் துரை பங்களாக்களிலும் கிளப்புகளிலும் சுவரில் மாட்டிய கடமான் தலை பீடோர், சுங்காய், தாப்பா பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. அதில் சில தலைகளைப் பார்த்தால் காட்டிலிருந்து இப்போதுதான் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். சிலது எதையோ கண்டு மிரண்ட மாதிரி முழிக்கும். தோல் ஒன்றுதான், கொம்பும் ஒன்றுதான். வேறுபாடு பெரும்பாலும் கண்ணில் இருக்கிறது. அதிலும் கண்ணின் தரத்தைவிட, அதைப் பதித்த விதத்தில்தான் அதிகம் இருக்கிறது.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வரும் தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, கண்ணு ஜோடி எத்தன வெள்ளி?" என்றுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உயிருள்ள மானின் கண் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது தலையில் ஒட்டாது.

அதற்கு முன் ஒரு விஷயம். தீபகற்ப மலேசியாவில் மானை வேட்டையாடுவது, அதன் தோலையோ கொம்பையோ தலையையோ வைத்திருப்பது எல்லாம் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பாடம் செய்வதைத் தொழிலாக நடத்தவும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். காட்டு மானை எவராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். பண்ணை மான், அல்லது முறையான தாள்கள் உள்ள பழைய தலை, இந்த இரண்டில்தான் கை வைக்க வேண்டும். பழகிக்கொள்ள ஆட்டுத் தலையே போதும். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மானுக்குக் கண் முகத்தின் முன்பக்கம் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 300 பாகை அளவுக்குச் சுற்றிலும் அதனால் பார்க்க முடியும். மேய்ந்துகொண்டே புலி வருகிறதா என்று பார்க்க வேண்டிய பிராணி அல்லவா? ஆகவே மானை நேர் எதிரே நின்று பார்த்தால், நம்மை நேராகப் பார்க்கும் இரண்டு வட்டங்கள் தெரியக்கூடாது. ஒவ்வொரு கண்ணும் பக்கவாட்டில் ஒதுங்கி, கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்து தெரிய வேண்டும். கண்ணின் முன் மூலை மூக்குப் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும், பின் மூலை வெளியே இருக்கும். மேல் இமை கீழ் இமையைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டு, கண்ணுக்குமேல் தாழ்வாரம் இறக்கிய மாதிரி நிழல் தரும். புதிதாகச் செய்பவர்கள் கண்ணைத் தட்டையாகப் பதித்துவிடுகிறார்கள். அப்போது அந்த நிழல் போய்விடும், கண் வெளியே ஒட்டவைத்தது மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது கண்பாவை, அதாவது நடுவிலுள்ள கருப்புப் பகுதி. நமக்கு அது வட்டம். மானுக்குப் படுக்கைவாட்டில் நீண்ட வடிவம். நல்ல வெயிலில் குறுகிக் கோடு மாதிரி ஆகும், மங்கிய வெளிச்சத்தில் விரிந்து வட்டத்துக்குப் பக்கத்தில் வரும். இந்தப் பாவை தரைக்கு இணையாகவே இருக்கும். இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான சங்கதி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எந்தத் தோட்டத்து லயத்துப் பக்கமும் ஆடு மேயும். போய் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு கண்ணையே பாருங்கள். ஆட்டுக்கும் பாவை படுக்கைவாட்டுதான். ஆடு நிமிர்ந்து நிற்கும்போது பாவை தரைக்கு இணையாக இருக்கும். அது தலையைக் குனிந்து புல் மேயும்போது, தலை சாய்ந்த அளவுக்குப் பாவையும் சாய்ந்து செங்குத்தாக நிற்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? அப்படி ஆவதில்லை. தலை கீழே போகப் போகக் கண்விழி குழிக்குள்ளேயே சுழன்று, பாவை மறுபடியும் தரைக்கு இணையாக வந்து நிற்கும். ஆடு, செம்மறி, குதிரை ஆகியவற்றைக் கவனித்த கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இதை எழுதினார்கள். விழி 50 பாகைக்கு மேலும் சுழல்கிறதாம். தரையோடு ஒட்டி வரும் எதிரியைப் பார்க்க அகலமான பார்வை வேண்டும், மேலேயிருந்து வரும் வெயில் கூச்சம் குறைய வேண்டும், இரண்டுக்கும் படுக்கைவாட்டுப் பாவை உதவுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

இதை மான் தலைக்குக் கொண்டுவாருங்கள். பாவையைக் கண்ணின் இரண்டு மூலைகளையும் சேர்க்கும் கோட்டில் வைக்கக்கூடாது, மூக்குப் போகும் சாய்விலும் வைக்கக்கூடாது. சுவரில் தலை எப்படித் தொங்கப் போகிறதோ, அந்த நிலையில் தரைக்கு இணையாக வைக்க வேண்டும். மானின் முகம் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்போது கண்ணின் முன் மூலை தாழ்ந்தும் பின் மூலை உயர்ந்தும் இருக்கும். அந்தச் சாய்வான இமைகளுக்கு நடுவே பாவை மட்டும் மட்டமாக நிற்கும். இந்த ஒன்று சரியாக விழுந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் மான் பார்க்கிறது என்று மனசு ஒத்துக்கொள்ளும். ஆட்டுத் தலை போதும் என்று சொன்னதும் இதனால்தான். ஆட்டை உயிரோடு பார்த்து, ஆட்டுத் தலையிலேயே பதித்துப் பழகலாம். சட்டச் சிக்கலும் இல்லை, கறிக்கடையில் தலை கிடைக்கும்.

மானையே பார்க்க வேண்டுமென்றால் தைப்பிங் விலங்குத் தோட்டத்துக்குப் போங்கள். சுங்காயில் பெர்ஹிலித்தான் கடமான் வளர்த்த மையமும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. கைபேசியில் படம் எடுக்கும்போது அழகான படம் தேடாதீர்கள். நேர் முன்னால், நேர் பக்கவாட்டில், முடிந்தால் மேலேயிருந்து எடுங்கள். கண்ணை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம் பத்து இருந்தால் அதைவிடப் பெரிய பாடப் புத்தகம் கிடையாது.

சரி, இப்போது வாங்கும் கதைக்கு வருவோம். கண் இரண்டு வகை: கண்ணாடி, அக்ரிலிக். கண்ணாடிக் கண்ணுக்குப் பேர் போன ஊர் ஜெர்மனியின் லௌஷா. லுட்விக் முல்லர்-உரி என்பவர் 1835இல் மனிதருக்கான கண்ணாடிக் கண் செய்தது அங்கேதான். பொம்மைக்கும் விலங்குக்கும் கண் செய்யும் வேலையும் அந்த ஊரில் வளர்ந்தது. கண்ணாடியில் ஆழம் இருக்கும், எளிதில் கீறல் விழாது, மினுமினுப்பு பல ஆண்டு நிற்கும். அக்ரிலிக் மலிவு, கனமில்லை, கீழே விழுந்தால் உடையாது. ஆனால் துடைக்கும்போதே கீறல் விழும், தின்னர் பட்டால் மங்கிப்போகும். என்னைக் கேட்டால், பழகுவதற்கு அக்ரிலிக், சுவருக்குப் போகும் தலைக்குக் கண்ணாடி. நம் டவுனில் இதற்கென்று கடை கிடையாது, இணையத்தில்தான் ஆர்டர் போட வேண்டும். அதனால் அளவில் அவசரப்படக்கூடாது.

அளவு மில்லிமீட்டரில், கண்ணின் விட்டமாகச் சொல்வார்கள். அமெரிக்க வெள்ளைவால் மானுக்கு 28 முதல் 32 வரை போகும். கடமான் அதைவிடப் பெரிய பிராணி, நம் கிஜாங் (குரைக்கும் மான்) சின்னது, ஆகவே இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தோலைப் போர்த்துவதற்கு உள்ளே வைக்கும் ஃபோம் தலை வாங்குகிறீர்கள் என்றால், அதைச் செய்தவர்களே எத்தனை மில்லிமீட்டர் கண் பொருந்தும் என்று குறிப்பிட்டிருப்பார்கள், அதையே நம்புங்கள். ஃபோம் தலையைத் தேர்ந்தெடுக்கவே கண்ணின் முன் மூலையிலிருந்து மூக்கு நுனி வரை ஓர் அளவும், காதுக்குப் பின்னால் கழுத்துச் சுற்றளவும் எடுக்க வேண்டும். தோலை உரிப்பதற்கு முன்பே காலிப்பர் என்ற அளவுக் கருவி வைத்து இந்த அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். உரித்த பிறகு தோல் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும், அதில் எடுக்கும் அளவை நம்ப முடியாது.

கண் பெரிதாக இருந்தால் இமை அதைச் சுற்றி உட்காராது, மான் திகைத்து முழிக்கும். சின்னதாக இருந்தால் இமைக்கும் கண்ணுக்கும் நடுவில் இடைவெளி விழும், நோய்க்கண் மாதிரி குழி விழுந்து தெரியும். இரண்டில் எது பரவாயில்லை என்று கேட்டால், அரை அளவு சின்னது. கொஞ்சம் களிமண் வைத்து முன்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம். பெரிய கண்ணை ஒன்றும் செய்ய முடியாது.

பார்சல் வந்ததும் கண்ணைச் சன்னல் பக்கம் எடுத்துப் போய் வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நல்ல கண்ணில் பாவையைச் சுற்றியுள்ள பழுப்பு வளையம் ஒரே பூச்சாக இருக்காது. உள்ளே மெல்லிய இழைகள் தெரியும், ஓரம் கருத்து நடுப்பக்கம் கொஞ்சம் வெளுத்திருக்கும். பாவை தார் மாதிரி கருப்பாக இல்லாமல், நீலம் கலந்த ஆழத்தோடு இருக்கும். மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. இரவில் செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் காடி விளக்குப் பட்டு மிருகத்தின் கண் பளிச்சென்று ஒளிர்வது அதனால்தான். அதற்காகப் பச்சையாக ஒளிரும் கண்ணை வாங்கிவிடக்கூடாது. அந்த ஒளிர்வு இருட்டில் நேராக விளக்குப் பட்டால் மட்டும் வருவது. வரவேற்பறையில் தொங்கும் தலை பகல் வெளிச்சத்து மான். சில கண்களில் வளையத்துக்கு வெளியே வெளிறிய பட்டை ஒன்று வரைந்திருப்பார்கள். மான் நேராகப் பார்க்கும்போது வெள்ளை விழி அநேகமாகத் தெரியாது, ஆனால் மூலையில் லேசாக எட்டிப் பார்க்கும். அந்த லேசான கீற்றுக்குத்தான் அந்தப் பட்டை. பாவையின் வடிவத்தையும் பாருங்கள். வட்டப் பாவை போட்டு மான் கண் என்று விற்பதும் உண்டு, அது வேண்டாம். ஜோடியை இடது வலது என்று பிரித்துக் கொடுத்திருந்தால் பின்பக்கம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கண்களில் நிறத்தைப் பின்பக்கத்தில் பூசியிருப்பார்கள். ஈரக் களிமண் அதில் நேராகப் பட்டால் பூச்சு உரிந்து வரலாம். பதிப்பதற்கு முதல் நாளே பின்பக்கத்துக்கு ஒரு கை வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள்.

பதிக்கும் வேலையை மேசைமேல் தலையைப் படுக்கவைத்துச் செய்வது பெரிய தப்பு. சுவரில் எந்தக் கோணத்தில் மாட்டுவீர்களோ அதே கோணத்தில், நம் கண் உயரத்தில், ஃபோம் தலையைத் திருகி நிறுத்துங்கள். கண் குழியில் களிமண்ணைக் கொஞ்சமாக வைத்து, கண்ணை நடுவில் பிடித்து நேராக உள்ளே அழுத்துங்கள். ஓரத்தில் பிதுங்கி வரும் களிமண்ணை உடனே வழிக்க வேண்டாம், இமை கட்ட அது பயன்படும்.

இப்போது சின்ன ரசமட்டம் ஒன்றைக் கண்ணுக்கு எதிரில் பிடித்துக்கொண்டு, பாவை அதற்கு இணையாக வரும்வரை கண்ணை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். அப்புறம் மூக்குக்கு நேர் எதிரே இரண்டு எட்டுத் தள்ளி நின்று பாருங்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவு தெரிய வேண்டும். ஒன்று அதிகம் தெரிந்தால் அந்தக் கண் முன்னுக்குத் திரும்பியிருக்கிறது, அல்லது வெளியே தள்ளியிருக்கிறது. மூக்குத்தண்டின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு முன் மூலைகளுக்கும் காலிப்பர் வைத்தால் எது என்று தெரிந்துவிடும். மேலே நின்றும் பாருங்கள், தாடைக்குக் கீழே குனிந்தும் பாருங்கள். கடைசியாகக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, அதை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் அதில் பளிச்சென்று தெரியும். நான் இதைச் செய்யாமல் ஒரு தலையையும் அடுத்த கட்டத்துக்கு விடுவதில்லை.

அப்புறம் இமை. பிதுங்கிய களிமண்ணோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து மேல் இமையைத் தடிப்பாகவும் கீழ் இமையை மெல்லியதாகவும் கட்டுங்கள். இமைகள் சேர்ந்து வட்டமாக வரக்கூடாது. நீங்கள் எடுத்த படத்தைப் பக்கத்தில் ஒட்டிவைத்து அந்த வளைவையே பின்பற்றுங்கள். இமை ஓரத்தைத் தீட்ட விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டியதில்லை. செம்பனை ஓலை ஈர்க்குச்சியின் நுனியைத் தேய்த்து மழுக்கினால் அதைவிட நல்ல கருவி இல்லை, வளையும், களிமண்ணைக் கிழிக்காது.

மானின் முகபாவம் முழுக்க இந்த இமையில் இருக்கிறது. காதை முன்னுக்கு நிமிர்த்தி எதையோ உற்றுக் கேட்கும் மான் என்றால் கண் நன்றாகத் திறந்திருக்கும். காது தளர்ந்து பக்கவாட்டில் கிடந்தால் மேல் இமையும் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். காது ஓய்வாக இருக்கிறது, கண் மட்டும் அகன்று முழிக்கிறது என்றால் யாருக்கும் அது உறுத்தும். ஆகவே காதை எப்படி வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் இமையில் கை வைக்காதீர்கள்.

முன் மூலையில் மூன்றாவது இமை ஒன்று உண்டு, விழியின் ஓரத்தில் சின்ன மடிப்பாகத் தெரியும். பிசைந்து வைத்தால் இறுகும் எபோக்சிக் களியில் மெல்லியதாக அதைச் செய்து வைத்தால் மூலை நிறைவாக இருக்கும். அதற்கும் முன்னால், முகத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அது கண்ணீர்ப் பள்ளம் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் வாசனைச் சுரப்பி. கடமானுக்கும் கிஜாங்குக்கும் இது பெரிது. கடமான் மிரண்டால் இதை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி விரித்துக் காட்டும். வெள்ளைவால் மானுக்கான ஃபோம் தலையில் இந்தப் பள்ளம் சின்னதாகத்தான் வெட்டியிருக்கும். கடமான் தோலை அதில் போர்த்துகிறவர் பள்ளத்தை ஆழமாகவும் நீளமாகவும் வெட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்துத் தோல் மிஞ்சிச் சுருங்கி, கண்ணின் முன் மூலையையே இழுத்துவிடும்.

தோலை உரிக்கும்போதே இமையின் உள்பக்கத் தோலை எலும்பை ஒட்டி வெட்டி எடுத்திருக்க வேண்டும். கருத்த அந்த ஓரத் தோல்தான் கண்ணுக்கும் களிமண் இமைக்கும் நடுவில் சொருகப்படுவது. பசை பூசித் தோலைப் போர்த்திய பிறகு, ஈர்க்குச்சியால் அந்த ஓரத்தைச் சுற்றிலும் உள்ளே தள்ளுங்கள். மேல் இமை மயிர் நீளமாக, வெளிநோக்கி வளைந்திருக்கும், அது உள்ளே மாட்டிக்கொள்ளாமல் எடுத்துவிடுங்கள். கண்மேல் பசை பட்டால் காயுமுன் ஈரப் பஞ்சால் துடையுங்கள். மூலைகளில் மெல்லிய ஊசி குத்தி நிறுத்தலாம்.

இனிப் பொறுமைதான் வேண்டும். தோல் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது இமையைக் கண்ணிலிருந்து பின்னுக்கு இழுக்கும். வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லும் நாள் கணக்கு நமக்குப் பொருந்தாது. இங்கே காற்றில் ஈரம் எப்போதும் அதிகம், மத்தியானம் மழை பிடித்தால் அறை முழுக்க ஊறிப்போகும். மெதுவாகக் காய்வதால் இமையைத் திருத்த நமக்கு அதிக அவகாசம் கிடைக்கிறது, ஆனால் பூஞ்சணமும் அதே அவகாசத்தில் பிடித்துக்கொள்ளும். காற்றாடியைத் தலைக்கு நேராக வைக்காமல், அறையில் காற்று சுழலும்படி வையுங்கள். ஏர்கோன் அறை இருந்தால் இன்னும் நல்லது. முதல் ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் இமையைத் தொட்டுப் பார்த்து, விலகியிருந்தால் உள்ளே அழுத்திவிடுங்கள்.

முழுக்கக் காய்ந்த பிறகும் நூல் அளவு இடைவெளி இருந்தால் எபோக்சியால் நிரப்பி, இமை ஓரத்துக்குக் கரும்பழுப்பு நிறம் பூசுங்கள். மூன்றாவது இமைக்கும் முன் மூலைக்கும் மட்டும் ஒரு சொட்டு பளபளப்பு வார்னிஷ், ஈரம் தெரிவதற்கு. கண்ணைச் சுற்றி முழுக்கப் பூசினால் அழுத மான் ஆகிவிடும்.

பழைய பங்களாத் தலைக்குக் கண் மாற்றச் சொல்லி யாராவது கொண்டுவந்தால் வேறு கவனம் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் பின்பகுதி வரை, பூச்சி அரிக்காமலிருக்கத் தோலின் உள்பக்கம் ஆர்செனிக் கலந்த சோப்பு பூசும் வழக்கம் இருந்தது. ஆர்செனிக் நாளாவட்டத்தில் வீரியம் இழக்கும் சரக்கல்ல. நூறு வருஷத்துத் தலையிலும் அது அப்படியே இருக்கலாம். கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள், உரசித் தூசி கிளப்பாதீர்கள், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வைத்து வேலை பார்க்காதீர்கள். உள்ளே ஃபோம் இருக்காது. வேட்டை மிருகங்களைப் பாடம் செய்வதில் பேர் போன மைசூர் வான் இங்கன் பட்டறைத் தலைகள் மாதிரி காகிதக்கூழில் செய்ததாக இருக்கலாம், அல்லது வைக்கோலும் சாந்துமாக இருக்கலாம். இமைத் தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும், ஈரப் பஞ்சை இமைமேல் வைத்துச் சில மணி நேரம் ஊறவிட்டுத்தான் கண்ணை அசைக்க வேண்டும். பழைய கண் கண்ணாடியாக இருந்து, உடையாமல் வந்தால், அதைத் துடைத்து அதே தலையில் சரியான கோணத்தில் திரும்பப் பதியுங்கள். புதுக் கண்ணைவிட அதுவே அந்தத் தலைக்குப் பொருந்தும்.

மாட்டிய பிறகு பராமரிப்பு அதிகமில்லை. கண்ணாடிக் கண்ணைச் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். அக்ரிலிக் கண்ணில் கண்ணாடி துடைக்கும் திரவம் எதையும் அடிக்காதீர்கள், மென்மையான துணியும் தண்ணீரும் போதும். சில மாதத்துக்கு ஒரு முறை டார்ச் அடித்து இமை ஓரத்தையும் பள்ளத்தையும் பாருங்கள். மாவு மாதிரி தூளோ, உதிர்ந்த இமை மயிரோ தெரிந்தால் வண்டு இறங்கியிருக்கிறது. உடனே தலையைக் கழற்றி, நன்றாக மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு மற்றத் தலைகளிடமிருந்து பிரித்து வைத்துவிட்டு, பிறகு மருந்தைப் பற்றி யோசியுங்கள்.